பனி இல்லாத மாதத்தில் பனிச்சறுக்கு

எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த தொழிற்சாலைக்கு ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கினார்கள். அதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள இங்கிருந்து இரண்டு பேர் போய் மூன்று வாரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருவர் எங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். இன்னொருவன் நான். என் திறமையைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்று ஒரு வாரம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே எலக்ட்ரீஷியன் நான்தான் என்பதை அப்புறம் பர்சனல் ஆபீஸில் சொன்னார்கள். வளைகுடாவுக்குப் போகலாமென்று எடுத்து, போகப் பயந்து பெட்டிக்கடியில் போட்டுவைத்த பாஸ்போர்ட் அது.

மெஷின்காரர்கள் அனுப்பிய வண்ணப் புத்தகத்தின் பின்னட்டையில் அவர்கள் ஊரின் படம் இருந்தது. ஊருக்குப் பின்னால் ஒரு மலை, மலை முழுக்கப் பனி. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, பனித்தூள் பறக்க மேலிருந்து சறுக்கி வருகிறான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"இதுல நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள்.

"இங்க," என்று சிவப்புச் சட்டைக்காரனைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "ராமநாயக்கன் ஏரிக்கரை எறக்கத்துல சைக்கிள்ல போறப்பவே எறங்கித் தள்ளிக்கினு வருவீங்க," என்றாள். ஆனாலும் அன்று சாயங்காலமே கிருஷ்ணகிரியிலிருந்த தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். அவர் ராணுவத்தில் காஷ்மீர் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய ராணுவக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதைப் போட்டுக்கொண்டால் எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கூடவே இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, தொழிற்சாலை ஸ்டோரில் கெஞ்சி வாங்கிய ரப்பர் பூட்ஸ் என்று என் பெட்டி நிறைந்துவிட்டது.

நாங்கள் போனது ஜூன் மாதம். அங்கே ஜூனில் என்ன பருவம் என்று நானும் கேட்கவில்லை, சூப்பர்வைசரும் கேட்கவில்லை. ஓசூரிலேயே ஜூன் பிறந்தால் காற்று சிலுசிலுவென்று வீசத் தொடங்கிவிடும், ஆஸ்திரியாவில் கேட்க வேண்டுமா என்பது என் விஞ்ஞானம்.

ரயில் நிலையத்தில் எங்களை அழைத்துப்போக ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்திருந்தார். செம்பட்டை மீசை, அரைக்கால் சட்டை, செருப்பு. நான் கோட்டோடும் குல்லாவோடும் இறங்கினேன். உள்ளே சட்டை முழுக்க வியர்வை. அவர் என்னை நோய்க்காரன் என்று நினைத்து, முதல் வேலையாக நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

மலை அங்கேதான் இருந்தது, படத்தில் பார்த்த அதே மலை. ஆனால் அடியிலிருந்து உச்சி வரை பச்சைப் பசேலென்று புல். சிவப்புச் சட்டைக்காரன் சறுக்கிய இடத்தில் மாடுகள் கழுத்துமணி ஆட்டிக்கொண்டு மேய்ந்தன.

"பனி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருடைய ஆங்கிலம் என்னுடையதை விடச் சிக்கனமானது.

"பனி, குளிர்காலம்," என்றார். "இப்போது, மாடு."

முதல் சனிக்கிழமை அவர் எங்களை மலைக்கு அழைத்துப்போனார். நாலு பருவமும் அந்த மலைக்கு வேலை இருக்கிறது என்று வழியில் விளக்கினார். குளிர்காலத்தில் சறுக்கு. கோடையில் நடை, குதிரை, ஏரியில் படகு, தகரக் கால்வாய் போன்ற ஒன்றில் சின்ன வண்டியில் உட்கார்ந்து கீழே விடுவது. இலை உதிரும்போது காளான் பறிக்க ஒரு கூட்டம், பூப்பூக்கும்போது பூ பார்க்க ஒரு கூட்டம். குளிர்காலத்து வார இறுதிகளில் அவரே சறுக்குக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராம்.

மலை மேலே போக நாற்காலி லிஃப்ட் இருந்தது. கம்பிவடத்தில் வரிசையாக நாற்காலிகள் தொங்கிக்கொண்டு வரும். நிற்காது. அதுவாக வந்து முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும்போது உட்கார்ந்துகொள்ள வேண்டும். மேலே மேடை வந்ததும் முன்னால் இருக்கும் கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கி ஓரமாக ஓடிவிட வேண்டும். இன்ஜினியர் இரண்டு முறை செய்து காட்டினார். அறுபது வயதுப் பாட்டிமார்கள்கூடக் கைத்தடியோடு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் புதிதாக வருபவர்களுக்கு ஓடும் மெஷின் அருகே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பு எடுப்பவன் நான். அதனால் எனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை என்பதுபோலத் தலையாட்டினேன்.

இன்ஜினியர் முதலில் போனார், அடுத்து சூப்பர்வைசர், கடைசியில் நான். ஏறியதெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறினேன். ஏறின பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு போனேன். பூட்ஸுக்கு அடியில் எவ்வளவு தூரத்தில் தரை இருக்கிறது என்று பார்க்கிற எண்ணம் எனக்கு இல்லை.

மேடை வந்தது. சூப்பர்வைசர் அங்கே இறங்கி நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. பதறினால் தெலுங்குதான் வரும். "திகு! திகு!" என்றார். தெலுங்கில் அதற்கு இறங்கு என்று பொருள். ஓசூரில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அது தெரியாததில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது தமிழ். என்னவோ திகுதிகுவென்று எரிகிறது என்று எண்ணி, எங்கே தீ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் மேடை போய்விட்டது.

நாற்காலி பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பியது. லிஃப்ட்காரர் ஒரு கணம் நிறுத்தினார். கீழே விரித்துக் கட்டியிருந்த பாதுகாப்பு வலைக்கு மேல் நான் தொங்கினேன். அவர் என் பிடியைப் பார்த்துவிட்டு, இவனை இங்கே இறக்குவது ஆகாத காரியம் என்று முடிவு செய்து, அப்படியே உட்கார்ந்திரு என்று சைகை காட்டி மறுபடி ஓடவிட்டார். ஆக, மலைக்குப் போன நான் மலையில் கால் வைக்காமலே கீழே இறங்கத் தொடங்கினேன்.

எதிர்ப்பக்கம் மேலே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எனக்குக் கையசைத்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. நானும், இதற்காகத்தான் டிக்கெட் வாங்கினேன் என்பதுபோலப் பதிலுக்குக் கையசைத்தேன்.

கீழே மேடை வந்தபோது இந்தத் தடவை தயாராகத்தான் இருந்தேன். கம்பியைத் தூக்கினேன். கோட்டின் ஓரம் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. வெயிலில் ஏன் கோட்டு என்று கேட்பீர்கள். மேலே போனால் எங்காவது பனி இருக்கும், கோட்டோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. கோட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி கீழ்ச் சக்கரத்தையும் சுற்றிவிட்டது. மறுபடி மேலே போனேன்.

இதற்குள் கீழேயிருந்து மேலே போன் போய்விட்டது. நான் மேடைக்கு வந்ததும் மொத்த லிஃப்டையும் நிறுத்தினார்கள். மலைச்சரிவு முழுக்க மனிதர்கள் நாற்காலியில் தொங்கிக்கொண்டு காத்திருக்க, லிஃப்ட்காரரும் இன்ஜினியரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை மூட்டை இறக்குவதுபோல இறக்கினார்கள். தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

என் கதியைப் பார்த்த சூப்பர்வைசருக்கு வேறு யோசனை ஓடியிருக்கிறது. திரும்பும்போது லிஃப்டில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "கால்நட நல்லது, சக்கரைக்கு நல்லது," என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

இறங்குவதற்கு முன்னால் என் பனி போட்டோ பாக்கி இருந்தது. நான் விடாமல் நச்சரித்ததில், உச்சிக்குப் பின்புறம் நிழலில் உருகாமல் கிடந்த ஒரு பனித்திட்டுக்கு இன்ஜினியர் எங்களை நடத்திக் கூட்டிப்போனார். வாலிபால் மைதானம் அளவு இருக்கும். அழுக்கு வெள்ளை. பக்கத்துக் குடிலில் கிடந்த பழைய சறுக்குப் பலகைகளை எடுத்துவந்து என் காலில் கட்டினார், கையில் இரண்டு கோல்களைக் கொடுத்தார். நான் கோட்டு, குல்லாவோடு மார்பை நிமிர்த்தி நின்றேன். சூப்பர்வைசர் கேமராவை அழுத்தினார். அழுத்திய மறுகணம் பலகைகள் என்னைக் கேட்காமல் கிளம்பின. பத்தடி போயிருப்பேன். பனி முடிந்து புல் தொடங்கியது. பலகைகள் நின்றுவிட்டன, நான் நிற்கவில்லை. முகம் போய்ப் பதிந்த இடத்தில் காலையில் ஒரு மாடு நின்றிருக்கிறது.

இரண்டு மணி நேரம் நடந்து கீழே இறங்கினோம். பாதி வழியில் சூப்பர்வைசர் நின்று, "ஏம்ப்பா, நான் லிஃப்டுல எறங்கலன்னு நீ ஓசூர்ல சொல்லவேணாம். நீ எறங்கலன்னு நானும் சொல்லல," என்றார்.

"சரிங்க சார்," என்றேன். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் நேர்மையாக இருந்தோம்.

போட்டோ நன்றாக வந்திருந்தது. பின்னால் வெள்ளை மட்டும் தெரிந்தது. ஓசூருக்கு வந்து அதைக் கேன்டீனில் காட்டினேன். முதல் நாள் "சும்மா கொஞ்சம் சறுக்கினேன்" என்றுதான் சொன்னேன். ஒரு வாரத்தில் அது மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஆனது. சர்ச்சில் வாலிபர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பனிச்சறுக்கையும் விசுவாசத்தையும் ஒப்பிட்டு அரைமணி நேரம் பேசினேன். தன்னைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டான் என்றெல்லாம் சொன்னேன். போதகர் எழுந்துவந்து கைகொடுத்தார். மனைவி பின்வரிசையிலிருந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை.

ஜனவரியில் மெஷின் வந்து சேர்ந்தது. அதை நிறுவ அந்தச் செம்பட்டை மீசை இன்ஜினியரே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கேன்டீனில் பாதிப் பேருக்கு அவர் ஆங்கிலம் புரியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அவரை ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னது மனைவி. ஆஸ்திரியாவில் அவர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன், மறுக்க முடியாது.

மிளகாய் குறைத்துக் கோழிக்குழம்பு வைத்திருந்தாள். அவர் சம்மணம் போட்டு உட்கார முயன்று முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"நீங்க நல்லா சறுக்கினீங்களான்னு கேளுங்க," என்றாள் மனைவி.

நான் அவரிடம் ஆங்கிலத்தில், "குழம்பு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாள்," என்றேன்.

"ரொம்ப, ரொம்ப நன்றாக இருக்கிறது," என்றார் அவர்.

"நான் ரொம்ப நல்லா சறுக்கினதா சொல்றாரு," என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் போட்டோவை அவர் பார்த்துவிட்டார். தட்டைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. ஒரு விரலை என் பக்கம் நீட்டினார். பிறகு கையை மெல்ல மேலே கொண்டுபோனார். மேலே ஒரு வட்டம் போட்டார். கீழே கொண்டுவந்தார். கீழே ஒரு வட்டம். மறுபடி மேலே. கடைசியில் இரண்டு கையாலும் ஒரு மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு போட்டோவைத் தொட்டு, விரலைச் சாய்த்து, உள்ளங்கையில் தன் முகத்தைப் பொத்தென்று வைத்து, "மாடு" என்றார். அந்த ஓர் ஆங்கிலச் சொல் என் மனைவிக்குத் தெரியும்.

நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் நீர். அவருக்கு இன்னொரு துண்டு கோழி போட்டாள். எனக்கு ரசம் ஊற்றினாள்.

அவர் போன பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டே, "அவ்ளோ பேரு முன்னால சுத்திக்கினே இருந்தீங்களா? பயமா இல்லியா?" என்றாள்.

"மேல போறப்ப பயந்தேன். கீழ வர்றப்ப இல்ல," என்றேன்.

அது உண்மை. மேலே போகும்போது பூட்ஸைத் தவிர எதையும் பார்க்காத நான், தனியாகத் திரும்பி வரும்போதுதான் தலையைத் தூக்கினேன். பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடந்தது. ஏரி, தேவாலயக் கோபுரம், வெட்டிப்போட்ட புல்லின் வாசனை, மாட்டுமணிச் சத்தம். கம்பியிலிருந்து ஒரு கையை நானாகவே எடுத்திருந்தேன். வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவளிடம் சொன்னேன். வாலிபர் கூட்டத்தில் பேசியதை விட அதிக நேரம் சொன்னேன்.

அவள் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டாள். "நல்லாத்தான இருக்குது இது," என்றாள். "இத வுட்டுட்டு எதுக்குங்க அந்த சறுக்குக் கத?"

நான் அவள் கையிலிருந்து பாதித் தட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் இன்ஜினியர் அதே கைவித்தையை எல்லோருக்கும் செய்து காட்டினார். அப்படியே சூப்பர்வைசர் நடந்து இறங்கிய கதையையும் இரண்டு விரலை மேசைமேல் நடக்கவிட்டுச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்ற சந்தேகம். எனக்கு "ரிட்டர்ன் டிக்கெட்" என்று பேர் வைத்தார்கள். வேலையை விட்டு வரும்வரை அந்தப் பேர் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் அர்த்தம் தெரியாமல் என்னை "ரிட்டர்ன் சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.