ஒரு சக்கரம் மட்டும் சுற்றிய கார்

எண்பதுகளின் நடுவில், பிரசவ வலியில் துடித்த என் மனைவியை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் புதுக் காரில் கூட்டிப் போனேன். முன்சக்கரங்கள் இழுக்கும் கார் அது. மழையில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது கரிசல் சேற்றில் இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சேற்றிலிருந்த இடது சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றியது; தார் மேல் நின்ற வலது சக்கரம் அசையவே இல்லை.

"இன்னும் எம்புட்டு நேரங்க?" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்தார். அவருடைய டிராக்டரிலும் ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கியது. உடனே காலடியில் ஒரு பெடலை மிதித்தார். இரண்டு சக்கரமும் சேர்ந்து உருண்டன. கார் மேலே வந்தது.

"இந்தப் பெடலு ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாச் சேத்துப் பூட்டிருமுண்ணே. ஒங்க காருல இது இல்லையா?"

இல்லை.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. மறுவாரமே காரை விற்றுவிட்டேன்.