சரசு அக்காவின் கட்டாங்கா கவர்

தண்ணீரில் ஊறும் தபால்தலையிலிருந்து ஒரு பசை வாசம் கிளம்பும், புளித்த கஞ்சிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். போத்தனூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த வாசம்தான். எங்கள் பக்கம் சோற்றுத் தட்டுக்கு "வட்டல்" என்று பெயர். சரசு அக்கா ஒரு வட்டலில் தண்ணீர் ஊற்றி, உறைகளிலிருந்து கத்தரித்த தபால்தலைகளை ஊறப்போட்டுப் பிரித்து, பழைய பேப்பரில் காயவைத்து ஆல்பத்தில் ஒட்டுவாள். சோறு தின்கிற வட்டலில் என்ன கருமம் இது என்று அம்மா வாராவாரம் கத்துவாள், அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மாவின் ஒரே தம்பியான ராசு மாமா, ஐ.நா. படையில் சேர்ந்த நம் பட்டாளத்தோடு காங்கோவுக்குப் போயிருந்தார். அந்த நாட்டிலிருந்து கட்டாங்கா என்ற மாகாணம் தனி அரசாகப் பிரிந்துகொண்டு, தனி ராணுவமும் தனித் தபால்தலையும் வைத்து ஐ.நா. படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் கடிதங்கள் பட்டாளத் தபாலில், நம் நாட்டுத் தபால்தலையோடுதான் வரும். அக்காவுக்கு அது சலித்துப்போய், வேறு ஸ்டாம்பு அனுப்பச் சொல்லி மாமாவுக்கு எழுதிப் போட்டாள்.

ஒருநாள் வந்த உறையில் கட்டாங்கா தபால்தலை இருந்தது. எல்லோரும் முதலில் கடிதத்தைப் படிப்பார்கள். தபால்தலை சேர்க்கிறவள் தபால்தலையைத்தான் படிப்பாள்.

"அம்மா, மாமாகூடச் சண்டை போடறாங்கல்ல, அவங்க ஸ்டாம்பு!" என்று குதித்தாள் அக்கா.

அம்மா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிராளியின் ஸ்டாம்பில் கடிதம் வந்தால் ஆளும் எதிராளியிடம்தானே இருக்கவேண்டும்? உள்ளே, நலமாக இருக்கிறேன், கவலை வேண்டாம் என்று இரண்டே வரி. அது இன்னும் வினையாகப் போயிற்று.

"ஏனுங்க, புடிச்சு வெச்சுக்கிட்டு எழுதச் சொல்லியிருக்கானுங்க. அவன் ரண்டு வரியில நிறுத்தற ஆளுங்களா?" என்று அப்பாவிடம் அழுதாள். அப்பா சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. சோற்றைத் தொடாமல் மோரை மட்டும் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எங்களுக்கும் பயமாக இருந்தது. அக்கா ஆசை தாங்காமல் உறையைக் கத்தரிக்கப் போனபோது அம்மா எழுந்து வந்து பிடுங்கினாள். "தம்பி எழுதுனதுல கத்தரி படக்கூடாது கண்ணு, உட்ரு."

வீடு இப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் பட்டாளத் தபால் வந்தது. அந்த உறைக்கும் முன்னால் எழுதிய கடிதம், எங்கெங்கோ சுற்றிப் பிந்தி வந்திருக்கிறது. சண்டை ஓய்ந்திருப்பதால், சரசு கேட்ட ஸ்டாம்பை டவுனில் வாங்கி, முத்திரையோடு வந்து சேர்வதற்காக அந்த ஊர்த் தபாலிலேயே தனியாகப் போடப்போவதாக மாமா விலாவாரியாக எழுதியிருந்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "வரட்டும் அவன், பேசிக்கறேன்" என்று அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த சோற்றையெல்லாம் வழித்துத் தின்றாள். மாமாவும் நல்லபடியாக ஊர் திரும்பினார்.

இன்று கட்டாங்கா என்று ஒரு அரசு இல்லை. அம்மாவும் மாமாவும் இல்லை. வீட்டுக்குக் கடிதம் போடுகிற வழக்கமே போய்விட்டது. சமீபத்தில் கோவையில் நடந்த தபால்தலைக் கண்காட்சியில் அக்கா அந்த உறையை முழுசாக வைத்திருந்தாள். இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதை உலகத்துல ஒரு நாடுகூட அரசாங்கம்னு ஒத்துக்கலீங்க, தெரியுங்களா?" என்றார்.

"எங்கம்மா ஒத்துக்கிட்டாங்க தம்பி" என்றாள் அக்கா. "சோறு திங்காமக் கெடந்தாங்க."