தூக்கிக் குடித்த தே

அசாம் ஜாவா என்ற சிற்றூரை விட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது வெயில் ஏறியிருந்தது. தோளில் ஒரு பை. பின்னால், சாலையோரத்தில் ரீத்தாவின் ஒட்டுக்கடை. ஓரிடம் சரிப்படவில்லை என்றால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அப்படித்தான். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டத் தெரிந்தவனுக்கு எங்கேயும் வேலை உண்டு.

அன்று விடியற்காலையில்தான் சுயபரிசோதனைப் பெட்டியைப் பிரித்தேன் (எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்வது). தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வந்த தொண்டூழியர் சிவா கொடுத்தது. குச்சியை ஈறில் தேய்த்து மருந்து நீரில் வைத்தேன். இரண்டு கோடு வந்தது. தொற்று இருக்கலாம் என்று அர்த்தம்.

வாயில் தேய்த்த குச்சியில் நோய் தெரிகிறதென்றால், நோய் என் எச்சிலில் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் எல்லாரையும்போல ரீத்தா கடையில் நானும் தேயை (தேநீர்) உதடு படாமல் தூக்கித்தான் குடித்தேன். ஒருநாள் கடை சாத்தும்போது, அவள் வாய் வைத்துக் குடித்த கிளாஸை என் பக்கம் தள்ளினாள். நானும் வாய் வைத்தேன். நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது அதிலிருந்துதான்.

அன்று காலை அவள் கொடுத்த தேயை மறுபடியும் தூக்கிக் குடித்தேன்.

"என்னா மணி, புதுசா சாமியாரா ஆயிட்டியா?"

"பல்லு வலி."

"பல்லு வலிக்கு அண்ணாந்து குடிக்கிறவன இன்னிக்குத்தான் பாக்குறேன் லா."

சிரித்துக்கொண்டே தேங்காய் துருவ உள்ளே போனாள். நான் பையை எடுத்தேன்.

சபாக் பக்கத்துத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தனித் தட்டு வைத்துக்கொண்டு மரத்தடியில் தனியே சாப்பிட்டேன். ரீத்தாவின் முகத்தைவிட, கிளாஸ் விளிம்பில் அவள் வாய் வைத்த இடத்துச் சூடுதான் அதிகம் நினைவுக்கு வந்தது.

சிவா போனில் கூப்பிட்டு முடிவு என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"ரெண்டு கோடாண்ணே? எத்தனை தோட்டம் மாத்துனாலும் ரத்தம் உங்க கூடத்தானே வருது? கிளினிக் போங்க. நான் மோட்டார் சைக்கிள்ல வந்து கூட உக்கார்றேன்."

வந்தான். அரசாங்க கிளினிக்கின் நடையில் பக்கத்தில் உட்கார்ந்தான். சுயபரிசோதனை முடிவானதல்ல என்று அங்கே ரத்தம் எடுத்தார்கள். தொற்று இருப்பது உறுதியானது. நான் ஒன்றுதான் கேட்டேன்.

"எச்சில் பட்டா தொத்துமா டாக்டர்?"

"தொத்தாது. அந்தக் குச்சி கிருமியத் தேடல. கிருமிய எதிர்க்க உங்க உடம்பு செஞ்சதத் தேடுது (எதிர்ப்பொருள்). ஒரே தட்டுல சாப்பிடலாம். ரத்தம், உடலுறவு, இதுலதான் கவனம். கூட வாழுறவங்க இருக்காங்களா?"

"இருக்கா."

"அவங்களும் பரிசோதிக்கணும். சொல்லிட்டீங்களா?"

எச்சில் படாமல் கிளாஸைக் காப்பாற்றிவிட்டு அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் வந்திருந்தேன்.

மாத்திரை தொடங்கியது. தவறாமல் சாப்பிட்டுக் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நின்றால், உறவிலும் தொற்றாது என்றார் டாக்டர். முன்பெல்லாம் தோட்டம் மாறினால்தான் எனக்கு நாள் மாறும். இப்போது இரவுச் சோற்றுக்குப் பிறகு வரும் மாத்திரையில் நாள் முடிகிறது. போன இடத்துக்கெல்லாம் வந்த உடம்பு, இப்போது ஓரிடத்தில் இரு என்கிறது.

உங்களுக்கும் இரண்டு கோடு வந்திருந்தால் பையை எடுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். தனியாகப் போக முடியாவிட்டால் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கடை சாத்தும் நேரம் பார்த்து அசாம் ஜாவாவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரீத்தா வெகுநேரம் மேசையைத் துடைத்தாள்.

"அதுக்குத்தான் தூக்கிக் குடிச்சியா?"

"ஆமா."

"மடையா. அந்த வாய வச்சி சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில நான் கிளினிக் போறேன். கடைய யாரு பாக்குறது?" என்றாள்.

மறுநாள் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் ஏற்றினேன். பஸ் ஏறுமுன் அவள் பாதி குடித்து வைத்த கிளாஸ் மேசையில் இருந்தது. எனக்கு என்று அவள் சொல்லவில்லை; முன்போல என் பக்கம் தள்ளவும் இல்லை. முதல் லோரி வந்து நின்றபோதும் நான் அதைக் கழுவாமல் வைத்திருந்தேன்.