ரெஜினாவின் கிளுவை வேலி

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் ரெஜினாவுக்குத் தோட்ட வேலை. பதினோரு வருஷமாகக் காலை ஆறரை மணி பஸ்ஸில் போய் வருகிறாள். அங்கே ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் செடியாலேயே ஒரு சுவர் உண்டு. உள்ளே சாய்ந்து படுத்திருப்பவர் வெளியே தெரியக் கூடாது, அதுதான் அந்தச் செடிகளுக்கு வேலை. நூல் பிடித்த மாதிரி அவற்றை மட்டமாக வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. ஆனால் அவளுடைய சொந்த வீடு நாலு பக்கமும் திறந்துதான் கிடந்தது.

வீடு திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். ஐந்து சென்ட் இடம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டா ரெஜினா பேருக்குத்தான் வந்தது. சின்னதாக ஒரு தளம் போட்ட வீடு, பின்னால் ஒரு முருங்கை, இரண்டு வாழை, கொஞ்சம் கனகாம்பரம். மிச்சமெல்லாம் வெறும் செம்மண். பின்பக்கத்து அந்த மண்ணை ஒட்டியே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சம்பத்தின் டீக்கடை.

கணவன் ஜோஷ்வா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள் சிநேகா. எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய தோளையும் கையையும் பார்த்துவிட்டு விளையாட்டு வாத்தியார் தாவீது சார் இரும்புக் குண்டைக் கையில் கொடுத்தார். குண்டு எறிதல் அவளுக்குப் பிடித்துப்போனது. லீவு நாட்களில் பள்ளிக்கூடத்துக் குண்டை வீட்டுக்கே எடுத்து வந்து பின்பக்கம் எறிந்து பழகினாள்.

ஒரு மாதம் அப்படிப் போயிருக்கும். அதற்கப்புறம் அந்தக் குண்டு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

"இன்னாடி, குண்டு கீழயே கீது?" என்று ரெஜினா கேட்டாள்.

"சார்கிட்ட திருப்பிக் குடுத்துடப் போறேன்மா."

"இன்னாத்துக்கு?"

சிநேகா குண்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு சொன்னாள். "டீக்கடைல நின்னுகினு பாக்குறானுங்க. அந்த பாலா கீறான் இல்ல, கிளாஸ கழுத்தாண்ட வெச்சிக்கினு என்ன மாதிரியே சுத்திக் காட்டறான். எல்லாம் சிரிக்குது. குண்ட யாரும் பாக்கலமா. என் ஒடம்பதான் பாக்குறாங்க."

கேட்டுக்கொண்டிருந்த ஜோஷ்வா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினான். ரெஜினா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போயி சண்ட போட்டா நாளைக்கு இன்னும் நாலு பேரு சேந்து சிரிப்பான். குறுக்க ஒண்ணு நிக்கணும். மறைக்கணும்."

"மதிலு கட்டுற அளவுக்கு நம்மளாண்ட இன்னா கீது?"

"மதிலு யாரு கேட்டா? செடி வெக்கிறேன்."

அவளுக்குத் தெரிந்த ரிசார்ட் செடிகளெல்லாம் தினம் தண்ணீர் கேட்பவை. இவர்கள் தெருக் குழாயிலோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். என்ன வைக்கலாம் என்று யோசித்தபடியே இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்தாள். வைகாசிக் கடைசியில் ஒருநாள், வரும் வழியில் ஒரு நிலத்தை மனை போடுவதற்காக ஜேசிபி வைத்து ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். நிலத்தைச் சுற்றி இருந்த கிளுவை வேலி பெயர்ந்து குவியலாகக் கிடந்தது. இலை ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் முள்ளும் குச்சியும்தான். ரெஜினா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே ஈரம் இருந்தது, பிசின் வாசனை அடித்தது.

"இத இன்னா பண்ணப் போறீங்க?"

"கொளுத்தப் போறோம்" என்றார் ஜேசிபி ஓட்டுபவர். "வேணும்னா எடுத்துக்கம்மா."

ஜோஷ்வாவின் ஆட்டோ இரண்டு நடை போனது. முள் குத்தி சீட்டு கிழிந்ததில் அவன் ஒரு வாரம் முணுமுணுத்தான். கைக்கட்டை விரல் பருமனில் நாலடிப் போத்துகளாக, நடுகிற குச்சிகளாக, நறுக்கினதில் இருநூறுக்கு மேல் தேறியது. வெட்டிய வாய் காயட்டும் என்று அவற்றை எட்டு நாள் நிழலில் போட்டு வைத்தாள். அப்புறம் ரோட்டோரம் முழுக்க முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி இரண்டு வரிசை நட்டாள். ஒரு வரிசையை இடதுபக்கம் சாய்த்தும் மற்றதை வலதுபக்கம் சாய்த்தும் நட்டு, ஒன்றுக்கொன்று குறுக்கே வரும் இடங்களில் வாழைநார் போட்டுக் கட்டினாள். நேராக நட்டால் இடுக்கில் கண் நுழையும், பின்னிக்கொண்டால்தான் அடைத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

ஆடியில் தூறல் விழுந்ததும் துளிர்த்தது. துளிர்க்காத முப்பது குச்சிகளைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டாள். தெருவில் மேயும் ஆடுகளுக்குக் கிளுவை இலை என்றால் உயிர், அதனால் முதல் இரண்டு மாதம் வீட்டில் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் நெஞ்சு உயரம் வந்தது. அந்த நேரம் பார்த்து ரெஜினா கத்தரியை எடுத்துக் கொழுந்தையெல்லாம் வெட்டித் தள்ளினாள்.

"வளர்றத ஏன்டி வெட்ற?" என்று ஜோஷ்வா பதறினான்.

"மேல வெட்னாதான் கீழ அடையும். நாங்க டூட்டில செய்யறது அதான்."

கார்த்திகை பிறக்கும்போது ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரிந்தது. சிநேகா கட்டிலுக்கு அடியிலிருந்து குண்டை எடுத்தாள். ரெஜினா சமையலறையில் இருந்தபடியே, மண்ணில் குண்டு விழும் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

தையில் இலை பழுத்தது. மாசியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"ரெஜினா, உன் வேலி பட்டுப்போச்சு" என்று சம்பத் டீக்கடையிலிருந்தே சொன்னார். "புடுங்கிட்டு வேற எதனா வெய்யி."

ரெஜினா ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. "பட்டுப்போவல அண்ணாத்த. எல கொட்ற சாதி இது. மழ வந்தா வந்துடும்."

சொன்னபடி வந்தது. ஆனால் அதுவரைக்கும் நாலு மாதம் மறைப்புக்கு என்ன செய்வது? பழைய புடவைகளைக் குச்சிக்குக் குச்சி கட்டினாள். கடற்காற்று சாயங்காலம் அவற்றை அடித்துக்கொண்டே இருந்தது. சிநேகா அந்தப் படபடப்புக்கு நடுவிலேயே பழகினாள்.

அடுத்த வருஷம் வேலி ஆள் உயரம் தாண்டியது, அடிவரை அடர்ந்தது. ஆனால் சித்திரையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தாவீது சார் சொன்னபோது அது மறுபடியும் மொட்டையாகத்தான் இருந்தது. சிநேகா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். காலையும் மாலையும் எறிய வேண்டும். ரெஜினா புடவைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள்.

"வேணாம்மா" என்றாள் சிநேகா. "அது ஆடிக்கினே கீது. கவனம் போது."

"பாத்துக்கினு இருப்பானுங்கடி."

"பாக்கட்டும். எவ்ளோ தூரம் போதுன்னு பாக்கட்டும்."

ரெஜினா புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சிநேகா குண்டைக் கழுத்தில் பதித்தாள், பின்பக்கமாகத் தாழ்ந்தாள், ஒரு சறுக்கு, ஒரு திருப்பம். மண்ணில் கிழித்திருந்த கோட்டைத் தாண்டிப் போய்க் குண்டு விழுந்தது. வெறும் குச்சிகளுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஏழெட்டு பேர் தெளிவாகத் தெரிந்தார்கள். யாரும் கிளாஸைக் கழுத்துக்குக் கொண்டுபோகவில்லை.

ஐந்தாவது எறிக்குப் பிறகு பாலா ரோட்டைத் தாண்டி வேலியோரம் வந்தான். முருங்கையடியில் உட்கார்ந்திருந்த ஜோஷ்வா எழுந்தான்.

"எத்தினி மீட்டரு?" என்று பாலா கேட்டான்.

சிநேகா அவன் பக்கம் திரும்பாமலே மண்ணில் நீட்டியிருந்த அளவு டேப்பைப் பார்த்துச் சொன்னாள். "பத்து புள்ளி நாலு."

அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் டீக்கடையில் அதைச் சொன்னான். அன்றிலிருந்து அந்தக் கடையில் சிநேகாவின் பேர் எண்ணோடு சேர்ந்துதான் வந்தது. சம்பத் தினமும் சாயங்காலம் ஜோஷ்வாவிடம் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார். இத்தனை பாடுபட்டு வளர்த்த மறைப்பைப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று ரெஜினாவுக்கு வருத்தம் வந்திருக்கலாம். வரவில்லை. அன்றைக்கு மகளின் முதுகைப் பார்த்தபோது தன் நெஞ்சு நிமிர்ந்ததை அவள் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

செங்கல்பட்டில் நடந்த தேர்வில் சிநேகா பத்து புள்ளி எட்டு எறிந்தாள். இடம் கிடைத்தது. ஆனி மாதம் பெட்டியோடு வேறு மாவட்டத்து விடுதிக்குக் கிளம்பிப் போனாள். மறுவாரம் கிளுவை துளிர்த்தது.

இப்போது அந்தப் பச்சைக்கு உள்ளே ரெஜினாதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் நைட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பாள். அந்த ஒரு மணி நேரம் அவளை யாரும் பார்க்க முடியாது, யாரும் கூப்பிடவும் கூடாது. "ரிசார்ட்டுல பதினோரு வருசமா அடுத்தவங்களுக்கு மறைப்பு வெட்டிக் குடுத்தேன். இது எனக்கு நானே வெச்சது" என்பாள்.

போன கோடையில், அவளோடு வேலை செய்யும் மீனவக் குப்பத்து லோகநாயகி, தன் வீட்டில் குளிக்கிற இடத்தைச் சுற்றி வைக்கப் போத்து கேட்டாள். ரெஜினா நாற்பது போத்து வெட்டி, முள்ளுக்குச் சாக்கு சுற்றி, காலை பஸ்ஸில் ஏற்றினாள்.

"விறகெல்லாம் ஏத்தக் கூடாதும்மா" என்றார் கண்டக்டர்.

"விறகு இல்ல சார். வேலி" என்று சொல்லிவிட்டு, அவள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.