நாலு மீன் போன இடம்

வெளியாள் யார் வந்தாலும் எங்கள் தலைமையாசிரியருக்கு அது இன்ஸ்பெக்‌ஷன்தான். வேம்பார் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மேடம் வருவதாகக் கடிதம் வந்தது. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று முதலில் ஒரு தேர்வு வைப்பார்களாம்; பிறகு இரண்டு வருஷம் எங்களோடு சேர்ந்தே பாடம் நடத்துவார்களாம். எனக்கு அது தேவைப்பட்டது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தல் வராது. எப்படிச் சொல்லிக்கொடுப்பதென்று தெரியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம்.

ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி, வினாத்தாளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டார் மேடம், பாவம். தலைமையாசிரியர் அதை என்னிடம் நீட்டி, "பள்ளிக்கூட மானம் ஒங்க கையில இருக்கு டீச்சர்" என்றார். எனக்கும் மானம் இருக்கிறதே. இருபது கணக்கையும் கரும்பலகையில் போட்டு, வாரம் முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தேன்.

தேர்வு முடிந்த மறுநாள் மேடம் வந்தார். "உங்க பிள்ளைங்களுக்கு எங்க உதவியே வேண்டாம் போலிருக்கே. கஷ்டப்படுற வேற பள்ளியைப் பார்க்கிறோம்" என்றார். தேடி வந்த உதவியை நானே விரட்டியிருந்தேன். அவர் விடவில்லை. "ஒரு கேள்வி மட்டும் புரியல. நூறு மீன், கூடைக்கு ஆறு, எத்தனை கூடை வேணும்? வகுப்பே பதினாறுன்னு எழுதியிருக்கு. மிச்சம் நாலு மீன் எங்கே போச்சு?"

அவசரத்தில் கரும்பலகையில் பதினாறு என்று போட்டவள் நான்தான்.

"மிஞ்சின மீனைக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் இங்கே உண்டா?" என்று ஆவலாக நோட்டைத் திறந்தார். வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத தலைமையாசிரியர், "உண்டு மேடம், ரொம்ப காலமா உண்டு" என்றார். மேடம் எழுத ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தலைமையாசிரியர் அந்த நாலு மீனுக்குக் கொடியேற்றித் திருவிழாவே நடத்தியிருப்பார்.

"தப்பாப் போட்டுக் கொடுத்தது நான்தான் மேடம்" என்றேன். "எல்லாத்தையுமே நான்தான் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. தயவுசெஞ்சு போயிராதீங்க."

தலைமையாசிரியர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். மேடம் பேனாவை மூடினார், பிறகு சிரித்துவிட்டார். வேறு தாள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புதுத் தேர்வன்று மேடமும் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். "தெரிஞ்சத மட்டும் எழுதுங்க" என்றேன். பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். "இந்தத் தடவ தப்பா எழுதணுமா டீச்சர்? எத்தன தப்பு?" என்றான் ஒருவன்.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். போன தேர்வில் அந்த மீன் கணக்கைத் தவிர எல்லாம் சரியாக எழுதியவள். இப்போது அவள் தாள் வெறுமையாக இருந்தது. "எனக்கு நெசமாவே வகுக்கத் தெரியாது டீச்சர். சொல்லலாமா?" என்று என் காதோடு கேட்டாள்.

நாலாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நான்தான் கணக்கு டீச்சர். வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. அவளைக் கூட்டிப்போய் மேடம் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நானும் உட்கார்ந்தேன்.

"இவளுக்கு வகுக்கத் தெரியாது மேடம்" என்றேன். "எனக்கு அதச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது."