தொடர்புக்கு ஒரு எண்

மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் அவருக்கு 'லேபிள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கோட்டின் உட்புறமும் தைக்கிற கட்டம்போட்ட குறியீடு அவர் கைவண்ணம். போனை அதன்மேல் காட்டினால், துணி எங்கே நெய்தது, சாயத்தில் என்ன கலந்தது, கிழிந்தால் என்ன செய்வது என்று கோட்டின் பூர்வீகமே வந்து நிற்கும். சட்டம் அப்படிக் கேட்கிறது, என்ன செய்ய!

மனைவி போனபிறகு வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். வெளியூரில் இருக்கும் மகள் எப்போதாவது கூப்பிட்டு, "சாப்டீங்களாப்பா?" என்பாள். "சாப்டேம்மா" என்பார். அதோடு சரி.

அந்தக் குறியீடு திறந்து காட்டும் பதிவைச் சோதித்தபோது, 'பராமரிப்புக்கு அழைக்க' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி முரண்டு பிடித்தது. அப்போதைக்குத் தன் எண்ணையே போட்டார். பிறகு மறந்தே போனார். கோட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன.

முதலில் கூப்பிட்டவர் ஒரு பஸ் டிரைவர். "சார், ஜிப்பு பாதியில மாட்டிக்கிச்சு. கோட்டுக்குள்ளயே இருக்கேன்!"

"பதறாதீங்க. மெழுகுவத்தி இருந்தா ஜிப்புல தேய்ங்க."

கோட்டு கழன்றதும் டிரைவர் சிரித்தார். இவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. எண்ணை மறுநாளே மாற்றியிருக்கலாம்தான். மனசு வரவில்லை.

மழைக்காலம் முழுக்க போன் ஓயவில்லை. ஓர் அம்மா கறையில் தொடங்கி மருமகளில் முடிப்பார். வேலை முடிந்ததும் மனிதர், ஆற அமரப் பேசுவதற்காகவே, காலில் வெந்நீர் கொட்டியதுபோல வீட்டுக்கு ஓடினார்.

தணிக்கைக்கு வந்த பெண் அதிகாரி ஒரு கோட்டை எடுத்து, குறியீட்டில் இருந்த எண்ணை அழைத்தார். லேபிளின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"சோதனைக்குப் போட்டது மேடம்... மாத்தாம விட்டுட்டேன்."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, இத்தனை நாளா இந்தத் தொல்லையையா தாங்கிட்டிருந்த? வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

லேபிள் தலையை ஆட்டிவிட்டுக் கணினிமுன் போய் உட்கார்ந்தார்.

ஓரிடத்தில் திருத்தினால் போதும், விற்றுப்போன கோட்டுகளிலும் எண் மாறிவிடும். அதுதான் அந்தப் பதிவின் பெருமை. கம்பெனி எண்ணை அவரே அடித்துச் சேமித்தார்.

அன்று மாலையும் நல்ல மழை. போன் மேசைமேல் ஊமையாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தவர், ஆணியில் தொங்கிய தன் கோட்டை எடுத்து, போனைக் காட்டி, புது எண்ணை அழைத்தார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது பதிவுக் குரல்.

அவர் ஜிப்புக்கு ஒரு கேடும் இல்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.