பர்வேஸ் பாய் கொடுக்கத் துணிந்த கால்

மலேசியாவில், கிள்ளானில் பர்வேஸ் பாய் கடை எலும்பு சூப்புக்குப் பேர்போனது. ஆட்டுத் தொடையெலும்பை வெட்டுக்கத்தியால் ஒரே போடு. உள்ளே இருக்கும் மஜ்ஜையை வந்தவர்கள் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார்கள். மஜ்ஜையைப் பற்றி மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

அவருடைய லாத்தா நாஜியாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. உம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா. பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். சோதித்ததில் பர்வேஸ் பாயுடையது முழுசாகப் பொருந்தியது. கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிவிட்டு, நேரே போய் ஒரு ஊன்றுகோல் வாங்கினார். கல்லாவில் உயரமான நாற்காலி ஒன்றும் போட்டார்.

"ஒக்காந்துகிட்டே தே தாரிக் டீய இழுத்து ஆத்துவேன் லா, நீ அழாத!" என்று மனைவி காத்தூன் பீவிக்கு ஆறுதல் வேறு.

குறித்த நாளில் ஊன்றுகோலோடு வந்து நின்றவரை டாக்டர் பெர்னிஸ் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது எதுக்கு அங்கிள்?"

"எடது கால வெட்டிக்குங்க டாக்டர். கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் கார் ஓட்ட வலது கால் போதும்."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலெல்லாம் வேணாம் அங்கிள்! மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசியால எடுப்போம். ரத்தம் ஊறுற எடமே மஜ்ஜைதான். எடுத்தது ஒங்களுக்குக் கொஞ்ச வாரத்துல திரும்ப ஊறிடும். அக்காவுக்கு ரத்தம் ஏத்துற மாதிரி ஏத்துவோம்; அதுவா எலும்புக்குள்ள போய்ச் சேந்துக்கும்."

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஏற்றியும் ஆயிற்று. ஆனால் அது லாத்தா உடம்பில் பிடிக்க வேண்டுமே! இடுப்பு வலியைக்கூட மறந்து, வேளை தவறாமல் தொழுது துஆ கேட்டார். சூப்பில் உப்புப் போட மறந்தார், யாரும் கோபிக்கவில்லை.

ஒரு மத்தியானம், கடை நிறைந்திருந்த நேரத்தில் நாஜியாவே போன் செய்தார்.

"தம்பி, வெள்ளை அணு ஏறுதாம்டா. ஒன்னோட மஜ்ஜை எனக்குள்ள வேலைய ஆரம்பிச்சிருச்சாம்."

பாய் அத்தனை பேர் நடுவில் சின்னப்பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பெரியவர் பதறி எழுந்தார்.

"எங்க லாத்தா பொழச்சுக்கிட்டாங்க!" என்று கத்தினார் பாய்.

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பெரியவர், கண்ணீரையும் சிரிப்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.